ஃபியூஸ் போகவில்லையே, பிறகு எப்படி ஷாக் அடித்தது?

மின்னதிர்ச்சிக்கு உள்ளாகி அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுவோரின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஃபியூஸும், அதன் இடத்தில் இன்று பல வீடுகளில் உள்ள எம்.சி.பி.யும் மனிதரைக் காப்பதற்காக அமைந்தவை அல்ல. கம்பி சூடேறித் தீப்பற்றாமல் தடுப்பதே அவற்றின் பணி. விளக்கு, மின்விசிறிக்கான எம்.சி.பி. பெரும்பாலும் 6 ஆம்பியர் அளவுடையது. அதற்கு மேல் பாய்ந்தால்தான் அது விழும். இதயத்துடிப்பைக் குலைக்கவோ அதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே போதும்.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். உலர்ந்த தோல் அதை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலுக்கு அந்தத் தடை வெகுவாகக் குறைந்துவிடும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போதே கைத்தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட இயலாமல் போகலாம். ‘கரண்ட் இழுத்துக்கொண்டது’ என்று மக்கள் சொல்வது இதையே. உண்மையில் இழுத்துப் பிடிப்பவை நம் தசைகள்தாம்.

மனிதரைக் காப்பதற்கென அமைந்த கருவி ஆர்.சி.சி.பி. வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபாடு கண்டால், நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. உங்கள் மெயின் பெட்டியில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்துடன் சிறு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அழுத்தியதும் கருவி விழ வேண்டும், விழாவிட்டால் மாற்றுங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் இச்சோதனை தேவை. மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று அதை விலக்கிவிட்டு நேர் இணைப்புக் கொடுக்கும் வழக்கம் எங்களுக்குக் கவலையளிக்கிறது. அது விழுவது தொந்தரவன்று. எங்கோ மின்கசிவு உள்ளது என்னும் அறிவிப்பு. ஆயினும், பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் தொடுபவரை இக்கருவியாலும் காக்க இயலாது.

நோயாளியை வீட்டில் வைத்துப் பராமரிப்போருக்குத் தனியே சில சொற்கள். காற்று மெத்தையின் மோட்டார் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். தலைமாட்டை உயர்த்தித் தாழ்த்தும்போது அதன் ஒயர் இரும்புச் சட்டத்தில் நசுங்குகிறதா என்று நாள்தோறும் பாருங்கள். படுக்கை நனையும் நோயாளி என்றால் இது மிகவும் முக்கியம். ஆக்சிஜன் செறிவூட்டி இரவும் பகலும் ஓடுவது. அதற்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். சுவரிலுள்ள மூன்று துளை சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். பிளக் சூடாக இருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ உள்ளே பிடிப்புத் தளர்ந்துள்ளது என்று பொருள். ஆக்சிஜன் கலந்த போர்வையில் ஒரு சிறு பொறியும் விரைந்து பற்றும். பூசை விளக்கும் அவ்வறையில் கூடாது.

பிளக்கின் தடித்த மூன்றாவது முனை எர்த். அதை உடைத்துவிட்டோ, சாக்கெட்டில் தீக்குச்சி செருகி இரண்டு முனை பிளக்கை நுழைத்தோ பயன்படுத்தும் வீடுகள் பல. கிரைண்டரையோ குளியலறைக் குழாயையோ தொடும்போது சுர்ரென்று உணர்ந்தால், செருப்பு அணிந்து சமாளிக்காதீர்கள். அன்றே மெயினை நிறுத்தி எலக்ட்ரீஷியனை அழையுங்கள். வாட்டர் ஹீட்டர் ராடு போட்ட வாளியில், பிளக்கைக் கழற்றாமல் விரலை விட்டுச் சூடு பார்ப்பது கூடவே கூடாது. துணி உலர்த்த இரும்புக் கம்பிக்குப் பதில் நைலான் கயிறு கட்டுங்கள். அதை மின்கம்பத்திலோ அதன் இழுவைக் கம்பியிலோ கட்டாதீர்கள்.

பலரும் மறப்பது இன்வெர்ட்டரை. மெயினை நிறுத்திய பின்னும் அதன் இணைப்புகளில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். பழுதுபார்க்கும்போதும், ஒருவரை மின்பிடியிலிருந்து விடுவிக்கும்போதும் இரண்டையும் நிறுத்த வேண்டும். நிறுத்தும் வரை அவரைத் தொடாதீர்கள்; இயலாத நிலையில், உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த மரக்கட்டையால் ஒயரை விலக்குங்கள். மூச்சில்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். அவர் எழுந்து அமர்ந்துவிட்டாலும், இடையில் நினைவிழந்திருந்தால், படபடப்பு இருந்தால், தீக்காயம் சிறிதேனும் தெரிந்தால், அல்லது கருவுற்றிருந்தால், உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். தோலில் மிளகளவு தெரியும் காயத்தின் கீழ் தசை வெகு ஆழம் வரை வெந்திருக்கக்கூடும், ஈ.சி.ஜி.யும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்த பிறகே வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்வோம்.