14 பெண்கள் எழுதிய பரீட்சை

படவேட்டில் பஸ் ஏறி, சந்தவாசல், கண்ணமங்கலம் வழியாகப் போனால் வேலூர் வந்துவிடும். ரேணுகாம்பாளைக் கும்பிட அங்கிருந்து இங்கே வருகிறார்கள். உடம்புக்கு முடியாதவர்கள் இங்கிருந்து அங்கே போகிறார்கள். ஆரணிப் பக்கத்துப் பட்டுத் தறி வீடுகளிலும் அப்படித்தான். கை வைத்தியத்துக்கு நோய் கட்டுப்படவில்லையா? "வேலூருக்குக் கொண்டு போங்கள்" என்பார்கள்.

அந்த வேலூரில் 1918-ம் ஆண்டு சில இளம் பெண்கள் ஒரு பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தார்கள். எல்.எம்.பி. என்பது அந்தப் பரீட்சையின் பெயர். தேறினால் வைத்தியம் பார்க்க சர்க்கார் அனுமதி கிடைக்கும். தவறினால்? "பெண்களுக்கு இது தேவையா?" என்று கேட்க ஊரே காத்திருந்தது.

மூன்று முறை கதவு தட்டப்பட்டது

அந்தப் பள்ளியைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த அமெரிக்கப் பெண்மணி. அவருடைய தகப்பனார் டாக்டர்.

ஐடா இளம் பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. "எனக்கு வைத்தியம் தெரியாது. அப்பாவை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. மூவருமே மறுத்துவிட்டார்கள். வேற்று ஆண் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாதாம்!

பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் இறந்து போனார்கள்.

ஐடா அமெரிக்காவுக்குப் போய்ப் படித்தார். 1899-ல் டாக்டர் ஆனார். திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் பார்த்தார். ஒருவர் எத்தனை வீட்டுக்குத்தான் ஓட முடியும்? சென்னையில் முத்துலட்சுமி 1912-லேயே டாக்டருக்குத் தேறியிருந்தார். ஆனால் அவரைப் போன்றவர்கள் மிகச் சிலரே. நம் நாட்டுப் பெண்களையே டாக்டர் ஆக்குவது என்று ஐடா முடிவு செய்தார்.

இடதா, வலதா?

பள்ளியில் இருந்த சாமான்களைச் சீக்கிரம் எண்ணி முடித்துவிடலாம். ஓர் எலும்புக்கூடு, ஒரு மைக்ராஸ்கோப், சில புத்தகங்கள். உடற்கூறு பாடத்தை ஐடாவே நடத்தினார்.

வளர்ந்த மனிதன் உடம்பில் 206 எலும்புகள். மணிக்கட்டில் மட்டும் 8 சிறு எலும்புகள். ஒவ்வொன்றுக்கும் நாக்கில் நுழையாத ஒரு பெயர். அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும். பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. உடற்கூறு பரீட்சையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. எலும்பைக் கையில் கொடுத்து, "இது இடது பக்கத்ததா, வலது பக்கத்ததா?" என்று கேட்பார்கள்.

தொடை எலும்பையே எடுத்துக் கொள்ளுங்கள். மேல் முனையில் பந்து போல் ஓர் உருண்டை இருக்கும். அது இடுப்பெலும்பின் குழியில் போய்ப் பொருந்தும். எலும்பின் பின்புறத்தில் நீளமாக ஒரு சொரசொரப்பான வரம்பு ஓடும். உருண்டை மேலே இருக்கட்டும். வரம்பு உங்கள் பக்கம் இருக்கட்டும். உருண்டை இடது கைப் பக்கம் திரும்பியிருந்தால் அது வலது கால் எலும்பு! கண்ணால் ஒரு தடவை பார்த்தும், விரலால் பத்துத் தடவை தடவியும் பழகினால்தான் இது மனதில் நிற்கும்.

இது வெறும் மனப்பாடம் என்று சிலர் இளக்காரமாகச் சொல்வார்கள். அப்படி அல்ல. பிரசவத்தில் குழந்தையின் தலை, தாயின் இடுப்பெலும்பு வளையத்தின் ஊடே வர வேண்டும். குழந்தையின் மண்டை எலும்புகள் அப்போது ஒட்டியிருக்காது. ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறி, தலை சிறுத்து வழி விடும். வளையம் மிகக் குறுகலாக இருந்தால் அதுவும் பலிக்காது. வளையத்தின் அளவு தெரிந்த டாக்டர் அதை முன்கூட்டியே உணர்ந்து கொள்வார். தெரியாதவர் கையைப் பிசைந்து நிற்பார். பரீட்சையில் தவறு செய்தால் மார்க்கு போகும். பிரசவ அறையில் இரண்டு உயிர் போகும்.

முடிவு வந்தது

மாகாண மருத்துவத் துறைத் தலைவருக்கே நம்பிக்கை இல்லை. ஆண்களிலேயே ஐந்துக்கு ஒருவர்தான் தேறுகிறார், உங்கள் பெண்கள் தவறினால் மனம் தளராதீர்கள் என்று அவர் முன்னதாகவே ஆறுதல் சொல்லிவிட்டதாக ஐடாவின் வரலாறு கூறுகிறது.

முதல் பரீட்சையின் முடிவு வந்தது. எழுதியவர்கள் 14 பேர். தேறியவர்கள் 14 பேர்! 1922-ல் அந்த 14 பேரும் படிப்பை முடித்து டாக்டர் ஆனார்கள்.

எல்.எம்.பி. படிப்பு பிறகு எடுபட்டது. 1942-ல் வேலூரில் எம்.பி.பி.எஸ். வந்தது. 1947-ல் ஆண்களையும் சேர்த்தார்கள். ஐடா 1960-ல் காலமானார்.

பரீட்சை மட்டும் ஓயவில்லை. வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்துத் திரும்பும் நம் பிள்ளைகளுக்காக 2002-ல் ஒரு பரீட்சை ஏற்பட்டது. 300 கேள்விகள். 150 சரியாக இருக்க வேண்டும். ஆறு வருஷம் படித்ததை அதற்காக மறுபடி முதலிலிருந்து புரட்டுகிறார்கள். எழுதுவோரில் பாதிப்பேர்கூடத் தேறாத வருஷங்கள் பல உண்டு. மகன் ரஷ்யாவில் படிக்க நிலத்தை விற்ற தகப்பனாருக்கு அந்த முடிவு வரும் வரை தூக்கம் ஏது?

மருத்துவக் கல்லூரிகளில் முதல் வருஷ மாணவர் கையில் இப்போதும் எலும்பைக் கொடுக்கிறார்கள். "இடதா, வலதா?" என்று கேட்கிறார்கள்.