'செய்யப் போகிறேன்': பிரெஞ்சின் அண்மை எதிர்காலத்துக்கு ஒரு தமிழ் வழி

முதலில் இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

நான் நூலகத்துக்குப் போகிறேன்.
நான் படிக்கப் போகிறேன்.

முதல் வாக்கியத்தில் 'போ' தலைமைவினை. ஆள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறார். இரண்டாவது வாக்கியத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லலாம், யாரும் எங்கேயும் போகத் தேவையில்லை. இங்கே 'போ' துணைவினை. அடுத்து நடக்க இருப்பதைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை.

பிரெஞ்சு மொழியும் இந்த வேலைக்கு 'போ' என்று பொருள்படும் வினையைத்தான் வைத்திருக்கிறது. அந்த அமைப்பை 'ஃப்யூத்யூர் ப்ரோஷ்', அதாவது அண்மை எதிர்காலம், என்பார்கள்.

தமிழாசிரியருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்று முதல் கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் பிரெஞ்சை மூன்றாம் மொழியாகப் படிக்க வழி இருக்கிறது. நம் தமிழ் மாணவர்கள் சிலரும் அங்கே போகிறார்கள். போனவர்கள் பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகவே யோசிப்பார்கள். ஆங்கிலத்திலும் 'கோயிங் டு' உண்டு. ஆனால் அதற்கு முன் 'ஆம்', 'இஸ்' வரும். அதை அப்படியே பிரெஞ்சுக்குக் கொண்டுபோனால் தேவையில்லாத ஒரு வினை உள்ளே நுழைந்துவிடும். தமிழ் வழியாக யோசித்தால் அந்தச் சிக்கல் இல்லை.

(பிரெஞ்சுச் சொற்களை இங்கே ஒலிப்புக்கு அருகில் தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டலைப் பாடநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அமைப்பு

தமிழில்: செயவென் எச்சம் + 'போ' துணைவினையின் நிகழ்காலம். சாப்பிட + போகிறேன்.

பிரெஞ்சில்: 'அலே' (போ) வினையின் நிகழ்காலம் + வினையின் மூல வடிவம். வே + மான்ஜே.

உறுப்புகள் அதே இரண்டுதான், வரிசை மட்டும் மாறுகிறது. நாம் 'போ'வைக் கடைசியில் வைக்கிறோம், அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். இரண்டு மொழியிலும் எதிர்காலத்தைச் சொல்ல 'போ' நிகழ்காலத்தில்தான் நிற்கிறது. 'சாப்பிடப் போவேன்' என்றால் சாப்பிடுவதற்காக ஓர் இடத்துக்குப் போவேன் என்று பொருள் மாறிவிடும் இல்லையா? அதுபோலத்தான்.

ஜெ வே மான்ஜே – நான் சாப்பிடப் போகிறேன்
த்யூ வா மான்ஜே – நீ சாப்பிடப் போகிறாய்
இல் வா / எல் வா மான்ஜே – அவன் / அவள் சாப்பிடப் போகிறான் / போகிறாள்
நூ ஸலோன் மான்ஜே – நாம் (நாங்கள்) சாப்பிடப் போகிறோம்
வூ ஸலே மான்ஜே – நீங்கள் சாப்பிடப் போகிறீர்கள்
இல் வோன் / எல் வோன் மான்ஜே – அவர்கள் சாப்பிடப் போகிறார்கள்

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 'வூ' நம் 'நீங்கள்' மாதிரியே மரியாதை ஒருமைக்கும் வரும், பன்மைக்கும் வரும். அடுத்து, தமிழில் 'சாப்பிடப் போறேன்' என்றாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். பிரெஞ்சில் 'வா' என்ற ஒலி 'நீ'க்கும் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் பொது. அதனால் எழுவாயை விடவே கூடாது.

தமிழ் கைகொடுக்கும் நான்கு இடங்கள்

1. இரண்டாவது வினைக்கு விகுதி சேர்க்காதீர்கள். தமிழில் யாரும் 'சாப்பிடுகிறேன் போகிறேன்' என்று சொல்வதில்லை. 'சாப்பிட' மாறாது, 'போ' மட்டும்தான் ஆளுக்கு ஏற்ப மாறும். பிரெஞ்சிலும் அப்படித்தான். 'மான்ஜே' எல்லா ஆளுக்கும் ஒரே வடிவம். இந்த வினையில் மூல வடிவம், 'வூ'வுக்கான நிகழ்கால வடிவம், இறந்தகால எச்சம் மூன்றும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். எழுதும்போது வித்தியாசம் உண்டு. அண்மை எதிர்காலத்தில் கடைசி எழுத்து 'ஆர்'தான். ஒலியை நம்பி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

2. எதிர்மறை 'போ'வின் மேல் விழும். நாம் 'சாப்பிடப் போவதில்லை' என்கிறோம். 'இல்லை' ஒட்டுவது 'போ'வோடு. பிரெஞ்சிலும் 'நெ … பா' என்ற இரண்டு துண்டும் 'போ'வைத்தான் சுற்றி நிற்கும்: ஜெ நெ வே பா மான்ஜே. 'மான்ஜே'க்குப் பின்னால் 'பா'வைக் கொண்டுபோய் வைப்பது பிழை.

3. செயப்படுபொருள் தன் வினையோடு நிற்கும். 'அதைச் சாப்பிடப் போகிறேன்' என்பதில் 'அதை' ஒட்டி நிற்பது 'சாப்பிட' என்ற சொல்லோடு. பிரெஞ்சிலும் அதற்கான 'லெ' மூல வினைக்கு முன்னால் வரும்: ஜெ வே லெ மான்ஜே. 'லெ'யை 'வே'க்கு முன்னால் வைக்கக் கூடாது.

4. 'போகப் போகிறேன்' தவறில்லை. 'போ' இரண்டு முறை வருகிறதே என்று மாணவர்கள் தயங்கலாம். முதல் 'போ' தலைமைவினை, இரண்டாவது துணைவினை. பிரெஞ்சிலும் 'ஜெ வே அலே' என்று தயங்காமல் எழுதலாம்.

எப்போது எதை எழுதுவது?

பிரெஞ்சில் இன்னோர் எதிர்காலமும் உண்டு. அது ஒரே சொல்லாக வரும் 'ஃப்யூத்யூர் சாம்ப்ள்'. 'ஷான்தே' (பாடு) என்ற மூல வடிவத்திலிருந்து 'ஜெ ஷான்த்ரே' (பாடுவேன்) வரும். சுவையான செய்தி என்னவென்றால், இதுவும் ஒரு காலத்தில் இரண்டு வினைதான். பேச்சு வழக்கு லத்தீனில் 'பாட' என்ற வடிவத்தோடு 'உடைத்தாயிரு' என்ற வினையைச் சேர்த்துச் சொன்னார்கள். நாளடைவில் அந்தத் துணைவினை தேய்ந்து விகுதியாகிவிட்டது.

இரண்டில் எதை எடுப்பது? தமிழில் இந்த இரண்டு வாக்கியங்களையும் சொல்லிப் பாருங்கள்.

அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது.
அவளுக்குக் குழந்தை பிறக்கும்.

முதல் வாக்கியத்தைக் கேட்டதும் அவள் இப்போது கர்ப்பமாக இருக்கிறாள் என்று புரிகிறது. இரண்டாவது, என்றோ ஒருநாள் நடக்கும் என்ற நம்பிக்கை அல்லது வாழ்த்து. பிரெஞ்சிலும் 'எல் வா அவ்வார் அன் பேபே' என்றால் இப்போதே அறிகுறி இருக்கிறது. 'எல் ஓரா அன் பேபே' என்றால் அந்த உறுதி இல்லை. ஒரு வினை வடிவத்தில் ஒரு குடும்பச் செய்தியே மாறிவிடுகிறது!

ஆக, அண்மை எதிர்காலம் என்ற பெயரைப் பார்த்து 'சீக்கிரம் நடப்பது' என்று மட்டும் எண்ண வேண்டாம். விதை இன்றே ஊன்றப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி: முடிவு எடுத்தாகிவிட்டதா, மேகம் கறுத்துவிட்டதா? அப்படியென்றால் 'வா'. 'அடுத்த வருஷம் தேர்வு எழுதப் போறேன்' என்று நாம் சொல்வதில்லையா? பல மாதங்கள் இருந்தாலும் முடிவு இன்றைக்கு உரியது. பேச்சுப் பிரெஞ்சில் இந்த அமைப்புதான் அதிகம் காதில் விழும். வாக்குறுதி, தொலைநோக்கு, முறையான எழுத்து ஆகியவற்றில் ஒற்றைச் சொல் எதிர்காலம் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை

தமிழின் '-வேன்' வடிவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரெஞ்சு எதிர்காலமாக மாற்றாதீர்கள். 'தினமும் காலையில் தோசை சாப்பிடுவேன்' என்பது வழக்கத்தைச் சொல்கிறது. பிரெஞ்சில் அதற்கு நிகழ்காலம்தான்: ஜெ மான்ஜ். 'சாப்பிடப் போகிறேன்' அப்படி வழக்கத்தைக் குறிக்காது. அதனால்தான் இரண்டு மொழிக்கும் நடுவே நம்பி நடக்கக்கூடிய பாலம் 'போ' என்கிறேன்.

இந்த அமைப்பால் தமிழ்த் தேர்வுக்கும் ஒரு பயன் உண்டு. செயவென் எச்சத்தின் பின் வல்லினம் மிகும். 'படிக்கப் போகிறேன்' என்று 'ப்' சேர்த்து எழுதுங்கள்.

பயிற்சி

முதலில் விடையைப் பார்க்காமல் பிரெஞ்சில் சொல்லுங்கள்.

அ. மழை பெய்யப் போகிறது.
ஆ. நாங்கள் புறப்படப் போவதில்லை.
இ. நீ எழுந்திருக்கப் போகிறாய்.
ஈ. நான் புறப்படப் போனேன் (அதற்குள் தொலைபேசி அடித்தது).

விடைகள்:

அ. இல் வா ப்ளெவ்வார். பிரெஞ்சில் இந்த வினைக்கு 'மழை' என்ற எழுவாய் வராது, 'இல்' என்ற வெற்று எழுவாய்தான்.
ஆ. நூ நலோன் பா பார்த்தீர். இங்கே 'நெ' அடுத்த உயிரோடு சேர்ந்து 'ந' ஆகிறது.
இ. த்யூ வா தெ லெவே. 'நான்' என்றால் 'ஜெ வே மெ லெவே'. நடுவில் வரும் சொல் ஆளுக்கு ஏற்ப மாறும். இந்த இடத்தில் தமிழ் உதவாது, மனப்பாடம்தான்.
ஈ. ஜாலே பார்த்தீர். 'போ' தொடர்நிலை இறந்தகாலத்துக்குப் போனால் 'செய்ய இருந்த நேரத்தில்' என்ற பொருள் வரும். நம் 'போனேன்' செய்யும் வேலையும் இதுதான்.

ஆசிரியர்களே, துணைவினை பாடம் நடத்தும் நாளில் வகுப்பில் பிரெஞ்சு படிப்பவர் இருந்தால் 'ஜெ வே மான்ஜே'யைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே 'சாப்பிடப் போகிறேன்' என்று நீங்கள் எழுதுங்கள். எது துணைவினை, எது தலைமைவினை என்று மாணவர்களே கோடிட்டுக் காட்டட்டும். இலக்கணப் பாடத்துக்கு அது நல்ல தொடக்கமாக அமையும்.