மாசம் 25,000 வருமானம்: சென்னையில் வீட்டுக்கு எந்தக் கதவைத் தட்டுறது?

ஹோம் லோன் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. "நமக்கு லோன் சரி. ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங் பண்ற அக்காவுக்கு, அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணனுக்கு அரசு வீடு ஏதாவது கிடைக்குமா?"

வழி இருக்கு. ஆனா எங்கே போய்க் கேட்கணும்னு தெரியாததால பாதிப் பேர் முதல்ல புரோக்கர்கிட்ட போய் நிக்கிறாங்க.

சென்னையில ரெண்டு வாரியம் இருக்கு, ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. வீட்டு வசதி வாரியம் மனை, ஃபிளாட் எல்லாம் விலைக்கு விக்கிற இடம். நம்ம அக்கா போக வேண்டியது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு. 1970-ல குடிசை மாற்று வாரியமா ஆரம்பிச்சது, 2021-ல பேர் மாத்தினாங்க. காமராஜர் சாலையில ஆபீஸ். ஆட்டோக்காரர்கிட்ட இன்னும் பழைய பேரைச் சொன்னாதான் புரியும்.

இங்கே ரெண்டு நிபந்தனை முக்கியம். குடும்பத்தோட ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருக்கணும், அதாவது மாசம் 25,000. அடுத்து, இந்தியாவுல எந்த ஊர்லயும் குடும்பத்துக்கு பக்கா வீடு சொந்தமா இருக்கக் கூடாது. இந்த ரெண்டாவதைக் கேட்டதுமே பல பேர் "ஊர்ல மாமனார் வீடு இருக்கே, நமக்குக் கிடைக்காது"ன்னு விட்டுடுறாங்க. கோடு எழுதுறவங்களுக்குத் தெரியும், டெஃபனிஷன் தப்பாப் புரிஞ்சா அவுட்புட் மொத்தமும் தப்பு. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தோட விதியில குடும்பம்னா கணவன், மனைவி, கல்யாணம் ஆகாத பிள்ளைகள். மாமனார் பேர்ல இருக்கிற வீடு மாமனார் வீடுதான். அதே வீடு பாகம் பிரிச்சு கணவர் பேருக்குப் பதிவாகிடுச்சுன்னா கதை வேற.

வீடு இலவசமும் இல்லை. மத்திய அரசு ஒரு வீட்டுக்கு 1.5 லட்சம் தருது, மாநில அரசு தன் பங்கைப் போடுது, மீதியைப் பயனாளி கட்டணும். எவ்வளவுங்கிறது இடத்துக்கு இடம் மாறும். அந்தப் பணம் வாரியத்தோட கணக்குக்குத்தான் போகணும், எந்த மனுஷன் கையிலயும் கொடுக்கக் கூடாது. ஒதுக்கீடு வழக்கமா குடும்பத் தலைவி பேர்ல, இல்லைன்னா ரெண்டு பேர் பேர்லயும் சேர்த்து வரும். "எனக்கு ஒதுக்கின வீட்டை உங்களுக்கு பவர் எழுதித் தர்றேன்"னு ஒருத்தர் வந்தா, வேண்டாம். முழுத் தொகையும் கட்டி வாரியம் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கிற வரைக்கும் அவருக்கு அதை விக்கிற உரிமை கிடையாது. நீங்க கொடுக்கிற காசுக்குக் கையில மிஞ்சுறது ஒரு ஸ்டாம்ப் பேப்பர்தான்.

இப்போ நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற விஷயம், தூரம். கண்ணகி நகர், பெரும்பாக்கம் எல்லாம் நகரத்தோட தெற்கு ஓரத்துல இருக்கு. பெரும்பாக்கத்துல மட்டும் 20,000 வீடுகளுக்கு மேல. ஒரு வீடு சுமாரா 400 சதுர அடி. மயிலாப்பூர்ல காலையில 6 மணிக்கு ஒரு வீடு, 9 மணிக்கு இன்னொரு வீடுன்னு சமையல் வேலை பார்க்கிறவங்க அங்கே குடி போனா என்ன ஆகும்? சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு 2021-ல இருந்து டிக்கெட் இல்லை, சரி. ஆனா போக வர ஆகுற மூணு மணி நேரத்தை யார் திருப்பித் தருவாங்க? 6 மணி வேலை போயிடும், பிள்ளைக்கு நடுவருஷத்துல ஸ்கூல் மாத்தணும். அதனால பங்குத் தொகை கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை நாள் காலையில அங்கே இருந்து வேலை இடத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்க்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பார்த்தா ஏமாந்துடுவோம்.

லோன் வாங்க முடியிற அளவுக்கு வருமானம் இருந்தா இன்னொரு வழியும் இருக்கு. 2024-ல வந்த பிரதமர் திட்டம் 2.0-ல வட்டி மானியம். வருஷ வருமானம் 9 லட்சம் வரைக்கும், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, லோன் 25 லட்சத்துக்குள்ள இருந்தா, முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம் மானியம். அஞ்சு தவணையில அதிகபட்சம் 1.8 லட்சம் கிடைக்கும். சென்னைக்குள்ள 35 லட்சத்துக்கு வீடு தேடுறது தனி சாகசம், அதை இன்னொரு நாள் பேசலாம்.

நிஜத்துல இந்தக் குடும்பங்கள்ல பெரும்பாலானவங்க இன்னும் பல வருஷம் வாடகை வீட்லதான் இருக்கப் போறாங்க. அவங்களுக்கு உதவி எழுத்துல இருக்கிற ஒப்பந்தம்தான். 2019-ல நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவாகணும். வேற மாதிரி எழுதிக்காத வரைக்கும் அட்வான்ஸ் 3 மாச வாடகைக்கு மேல கேட்கக் கூடாது. நம்ம ஊர்ல 10 மாசம் கேட்கிறது வெறும் பழக்கம். காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரணும். ஒப்பந்தம் இருந்தா ரேஷன் கார்டு முகவரி மாத்துறதும் சுலபம். எழுத்துல ஒண்ணுமே இல்லாத குடும்பம், அரசு கண்ணுக்கு அந்தத் தெருவுலயே இல்லை.

கடைசியா லீஸ் வீடு. போக்கியம்னும் சொல்வாங்க. ரெண்டு மூணு லட்சத்தை மொத்தமாக் கொடுத்துட்டு வாடகை இல்லாம இருக்கிறது. சீட்டு எடுத்து, நகை அடகு வச்சுச் சேர்த்த பணமா இருக்கும். ஓனர் அந்த வீட்டை ஏற்கனவே பேங்க்ல அடமானம் வச்சு, தவணை கட்டாம விட்டிருந்தா, பேங்க் ஏலத்துக்கு வரும்போது இவங்க பணம் அந்தரத்துல நிக்கும். அதனால பணம் கொடுக்கும் முன்னாடி ஓனர்கிட்ட பத்திர நகல் வாங்கி, பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கச் சான்று பாருங்க. "உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு"ன்னு ஒரு பதிவு இருந்து, அதை ரத்து பண்ண ரசீது பதிவாகலைன்னா, அந்த வீடு இன்னும் பேங்க் கையிலதான். பார்க்கக் காசு கிடையாது. அக்காவால முடியலைன்னா லஞ்ச் பிரேக்ல உங்க போன்லயே பார்த்துச் சொல்லிடலாம்.