மருத்துவம் பயில்வோர் மனம் – 6: சமாளிப்பின் வகைகள்

சென்ற வாரம் அழுத்தத்தின் காரணங்கள் பேசப்பட்டன. அவற்றை மாணவர்கள் எதிர்கொள்ளும் விதத்தையே உளவியலாளர் 'சமாளிப்பு' என்கின்றனர். ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984-இல் வெளியிட்ட நூலில் இதை இரண்டாகப் பகுத்தனர். இடரின் காரணத்தையே மாற்ற முயல்வது சிக்கல் சார்ந்த சமாளிப்பு. அந்த இடர் எழுப்பும் அச்சத்தையும் துயரத்தையும் தணித்துக்கொள்வது உணர்வு சார்ந்த சமாளிப்பு.

முன்னது உயர்ந்தது, பின்னது தாழ்ந்தது என்று கருதுவது பிழை. கல்லூரித் தேர்வு ஒன்றின் முன்னும் பின்னும் மாணவர்களை ஆராய்ந்து இவ்விருவரும் 1985-இல் வெளியிட்ட கட்டுரை, தேர்வுக்கு முன் சிக்கலை நேரே கையாண்டவர்களே, முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் அதைப் பற்றி நினையாமல் ஒதுங்கியிருக்க முயன்றதைக் காட்டியது. எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவருக்கும் இது பொருந்தும். ஃபார்மலின் நெடி நிறைந்த உடற்கூறியல் கூடத்தில், குண்டூசி குத்திய நரம்பின் பெயரை மணி அடிப்பதற்குள் எழுதிவிட்டு அடுத்த மேசைக்கு நகர வேண்டிய 'ஸ்பாட்டர்' தேர்வுக்கு முன், சீனியர்களிடம் கேட்பதும் மீண்டும் மீண்டும் பார்த்துப் படிப்பதும் பயன் தரும். எழுதி முடித்தபின் விடைகளையே அசைபோடுவதைவிடத் திரைப்படம் பார்ப்பதே அறிவுடைமை.

ஒதுங்குதலே வழக்கமாகிவிடும்போதுதான் அது தீங்காகிறது. விடுதி அறையில் படுத்தே கிடப்பவருக்கு வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போகிறது. தேர்வெழுதும் தகுதியும் கைநழுவுகிறது. தப்பிக்க நினைத்த சிக்கல் பெருகியே திரும்புகிறது.

உதவி நாடுவதும் ஒரு சமாளிப்பு முறையே; அதுதான் மிக அரிதாகக் கையாளப்படுகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் 'ஜாமா' இதழில் வெளியான கட்டுரை, மருத்துவ மாணவரில் 27.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அல்லது அதன் அறிகுறிகள் இருந்ததாகவும், அவ்வாறு கண்டறியப்பட்டோரில் 15.7 விழுக்காட்டினரே சிகிச்சை நாடியதாகவும் கூறியது. மனநலம் அறிந்தோர் நிறைந்த வளாகத்தில் இந்நிலை நிலவுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் சிகிச்சை தரக்கூடிய மருத்துவரே வகுப்பெடுக்கும் ஆசிரியராகவும் இருக்கும் இடத்தில், மாணவர் வாய் திறக்கத் தயங்குவதில் வியப்பில்லை.

மாணவரால் மாற்ற முடியாத காரணங்களும் உள்ளன. தூக்கமே இல்லாத முதுநிலை மாணவருக்குத் தியான வகுப்பு நடத்துவது, நிர்வாகம் தன் பொறுப்பை அவர் தலையில் கட்டுவதாகும். உறைவிட மருத்துவராகவும் இருக்கும் இம்மாணவரின் பணி வாரம் 48 மணி நேரத்தை மிகக் கூடாது என்று மத்திய அரசு 1992-இலேயே அறிவுறுத்தியது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் பரிந்துரைத்த உச்சவரம்போ 74 மணி நேரம்.