மூன்று வயது வரை குழந்தையை யார் பார்ப்பது?

திருவனந்தபுரம் சாலை கடைத்தெருவில் காலையிலேயே வியாபாரம் ஆரம்பித்துவிடும். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கும், ஆபீஸ்களில் குமாஸ்தாவாக இருக்கும் பெண்களுக்கும் அந்த நேரத்தில் ஒரே கவலைதான். கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போவது? ஊரில் என்றால் ஆச்சி இருப்பாள், அத்தை இருப்பாள். இங்கே பக்கத்து வீட்டுச் சேச்சிதான். அவரும் எத்தனை நாளைக்குப் பார்ப்பார்?

அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ந் தேதி நாட்டில் 33 இடங்களில் தொடங்கிய திட்டம் இது. கேரளத்தில் முதலில் மலப்புறம் ஜில்லா வேங்கரையில் வந்தது. இன்று மாநிலத்தில் 33 ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. 2022-ல் வாரம் இரண்டு நாள் பாலும் முட்டையும் கொடுக்கத் தொடங்கினர். உப்புமாவுக்குப் பதில் பிரியாணி வேண்டும் என்று ஒரு வாண்டு கேட்டது ஊரெங்கும் பரவ, 2025-ல் முட்டை பிரியாணியும் பட்டியலில் சேர்ந்தது. சாப்பாட்டில் குறை சொல்வதற்கில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அங்கன்வாடியில் உட்கார வைத்துக் கொள்வது 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளைத்தான். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குச் சத்துமாவு வீட்டுக்கு வரும். பார்த்துக்கொள்ள ஆள் வராது.

பணம் குறைந்த கதை

வேலைக்குப் போகும் தாய்மாருக்கென்றே 2006-ல் மத்திய அரசு குழந்தைகள் காப்பகத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. 2017-ல் அது 60 சதவீதமாகக் குறைந்தது. 30 சதவீதம் மாநிலங்களின் தலையில் விழுந்தது. 23 ஆயிரத்துக்கு மேல் இருந்த காப்பகங்கள் சில ஆண்டுகளிலேயே 7 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டன.

2022-ல் வந்த 'பால்னா' திட்டம், அங்கன்வாடியிலேயே காப்பகத்தையும் சேர்த்து நடத்தச் சொல்கிறது. ஆறு மாதக் குழந்தை முதல் சேர்க்கலாம். 25 குழந்தைகளுக்கு ஒரு ஊழியர், ஒரு உதவியாளர். நாடு முழுவதற்கும் 17 ஆயிரம் காப்பகங்கள் என்பது இலக்கு. நாட்டிலுள்ள அங்கன்வாடிகளோ 14 லட்சத்தை ஒட்டி வரும். கணக்குப் போட்டால் 80-க்கு ஒன்று!

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல சட்டம்தான். ஐந்தாறு பேர் நிற்கும் ஜவுளிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் அது எட்டாது.

கேட்டால் கிடைக்கும்

வெளியூர்க்காரர் என்று யாரும் தயங்க வேண்டாம். ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்து, மக்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்று 2006 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. சேரிப்பகுதிகளுக்கும் அது பொருந்தும். கூலிக்கு வந்து குடியிருப்போர் பெயர்களைத் திரட்டி, வார்டு கவுன்சிலர் மூலம் மனுக் கொடுக்கலாம். பெண்கள், குழந்தைகள் நலத்துறையின் தலைமை அலுவலகம் பூஜப்புரையில் இருக்கிறது.

மனுவில் நேரத்தையும் மறக்காமல் எழுத வேண்டும். 'பால்னா' விதிப்படி காப்பகம் நாளைக்கு ஏழரை மணி நேரம். காலை 9 மணிக்குத் திறந்தால் மாலை 4.30-க்கு மூடிவிடுவார்கள். தலைமைச் செயலகத்தில் வேலை முடிவது 5.15-க்கு. சாலைக் கடைகளில் விளக்கு வைத்த பிறகும் வியாபாரம் நடக்கும்.