விரைந்து இளைப்பதில் உள்ள விபரீதம்

பெங்களூரில் ஈஜிபுரா என்றொரு பகுதி உண்டு. கோரமங்களாவுக்கும் தொம்மலூருக்கும் நடுவே, குறுகிய தெருக்களும் அடுக்கு வீடுகளுமாக அமைந்த இடம். தமிழ்ப் பேச்சு அங்கே எந்தத் தெருவிலும் காதில் விழும். அது வியப்பன்று. பக்கத்துத் தொம்மலூரின் சொக்கநாதர் கோயிலிலேயே பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் இந்த ஈஜிபுராவில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறார். சொந்த ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். வயது நாற்பத்தெட்டு, எடை 86 கிலோ. நீரிழிவு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற ஆண்டு இவர் ஒரு நாள் சோற்றை நிறுத்தினார். இட்லி, தோசை, சப்பாத்தி, பழம் எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்தினார். காலையில் வாதுமைப் பருப்பு, மதியம் முட்டை, இரவில் இறைச்சி. ஐந்து வாரங்களில் ஒன்பது கிலோ குறைந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி, "என்ன அண்ணா, பாதியாகி விட்டீர்களே!" என்று வியந்தபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறாவது வாரம், வேலைக்குப் போகப் பேருந்துக்காக நின்றவர், உடலெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறி, நின்ற இடத்திலேயே சரிந்தார். மருத்துவமனையில் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 50க்கும் கீழே இருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்தார். வேளை நல்ல வேளை. அவர் அப்போது இருசக்கர வண்டி ஓட்டிக் கொண்டிருக்கவில்லை.

எங்கே பிழை நேர்ந்தது? மாவுச்சத்தைக் குறைக்கும் உணவு முறை நஞ்சு அன்று. புதியதும் அன்று. லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர் மருத்துவர் சொற்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றை விட்டு இளைத்த கதையை 1863இலேயே சிறு நூலாக வெளியிட்டார். தமிழரிடையே கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 'பேலியோ' என்ற பெயரில் இது பரவியது. நியாண்டர் செல்வன் எழுதிய நூலும் முகநூல் குழுவும் அதற்குப் பெரிதும் காரணம். இரத்தப் பரிசோதனை செய்த பிறகே தொடங்க வேண்டும் என்றுதான் அங்கே சொல்கிறார்கள். ஆனால் கைப்பேசியில் கைமாறி நம்மிடம் வந்து சேருவது உணவுப் பட்டியல் மட்டுமே. பரிசோதனை என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்து விடுகிறது. நம் மக்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பெரிய ஆய்வொன்று 2025இல் காட்டியது. அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசியும் கோதுமை மாவும் சர்க்கரையும். ஆகவே குறைக்க வேண்டியது உண்மை. எவ்வளவு, எத்தனை வேகத்தில், எந்த மருந்தைத் தின்றுகொண்டு என்பதே கேள்வி.

முதலில் அந்த வேகத்தைப் பார்ப்போம். நமது ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு ஏறக்குறைய அரைக் கிலோ உண்டு. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் நீரைக் கட்டி வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தினால் உடல் இச்சேமிப்பைச் செலவிடும். கட்டுண்ட நீர் சிறுநீராக வெளியேறும். இன்சுலின் சுரப்பு தணிவதால் சிறுநீரகம் உப்பையும் அதனுடன் இன்னும் சிறிது நீரையும் கழிக்கும். முதல் வாரத்தில் தராசு காட்டும் இரண்டு மூன்று கிலோவில் கொழுப்பின் பங்கு சொற்பம். தீபாவளிக்கு ஊருக்குப் போய் இரண்டு நாள் வயிறாரச் சாப்பிட்டால் அந்த எடை அப்படியே திரும்பி வருவதும் இதனால்தான். அதற்காக வருந்திப் பட்டினி கிடப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். போனதும் தண்ணீர், வந்ததும் தண்ணீர்.

தலை சுற்றல், தசைப்பிடிப்பு, சோர்வு ஆகியவை இந்த நீரும் உப்பும் போவதன் அடையாளங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு அழுத்தம் இன்னும் இறங்கி, படுக்கையிலிருந்து எழும்போதே கண் இருளும்.

நீரிழிவு மாத்திரையின் கதை இதைவிடக் கடுமையானது. நம் அன்பர் உண்டது கிளிமிபிரைடு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. மூன்று வேளையும் சோறு உண்ணும் மனிதருக்கு என்று அளவிட்டுத் திருப்பத்தூர் மருத்துவர் எழுதிய மாத்திரை அது. சோறு நின்றது, மாத்திரை நிற்கவில்லை. அவர் சாய்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இன்சுலின் ஊசி போட்டுக் கொள்பவருக்கும் இதே ஆபத்து உண்டு.

இன்னொரு வகை மாத்திரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று முடியும் பெயர்கள். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்பவை. இவற்றின் காப்புரிமை இந்தியாவில் முறையே 2020இலும் 2025இலும் முடிந்ததால் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. விலையும் இறங்கி விட்டது. இம்மாத்திரையை உண்டுகொண்டே மாவுச்சத்தை முழுதும் நிறுத்தினால், உடல் கொழுப்பை எரித்துண்டாக்கும் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் அளவு மீறி, இரத்தமே புளித்துப் போகக் கூடும். வழக்கமாக இந்நிலையில் இரத்தச் சர்க்கரை மிக உயர்ந்திருக்கும். இங்கோ அது ஏறாமலே இருக்கலாம். வீட்டுக் கருவியில் பார்த்து, "சர்க்கரை நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஆறுதல் கொள்வதுதான் விபரீதம். குமட்டல், வயிற்று வலி, வாந்தி, ஆழ்ந்து விரைந்த மூச்சு, காரணமற்ற அயர்வு இவை கண்டால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இந்த ஆபத்தைப் பற்றி 2015இலேயே எச்சரித்தது.

உண்ட அளவும் மிகக் குறைந்து எடை வேகமாக இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை நம்மவரிடம் தாராளமாக இருக்கும் பொருள் அன்று. 2004இல் 'லான்செட்' இதழில் புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தம் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இத்தகைய உடலில் இருக்கும் கொஞ்சம் தசையையும் இழந்தால் மாடிப்படி ஏறவே தொடை தளரும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இளைத்தால் பித்தப்பையில் கல் உண்டாகவும் இடமுண்டு. இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலைமயிர் கொத்தாக உதிர்வது பலருக்கும் தெரிந்ததே. அது பெரும்பாலும் மீண்டும் வளர்ந்து விடும்.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பத்திரமானது என்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல். (அந்நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் மெக்காரிசன் துரை ஓர் அறையில் தொடங்கிய 'பெரிபெரி' ஆராய்ச்சியின் வழிவந்தது.) அரைக் கிலோ என்றால் பன்னிரண்டு கிலோவுக்கு ஏறக்குறைய ஆறு மாதம். பாண்டிங்கும் தம் 46 பவுண்டு எடையைக் குறைக்க ஓராண்டுக்கு மேல் எடுத்துக் கொண்டார் என்பதை அவரைப் போற்றுவோர் நினைவு கூர்வதில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனியான ஓர் இடர் இருக்கிறது. மருந்து எழுதியவர் ஊரில் இருக்கிறார். உணவு முறை சொல்பவர் கைப்பேசியில் இருக்கிறார். உடம்பு ஈஜிபுராவில் இருக்கிறது. மருந்தும் உணவும் ஒன்றையொன்று முட்டுவதைப் பார்க்கும் கண் ஒன்றும் இல்லை. ஊர் மருத்துவரிடம் ஆண்டுக்கு இருமுறை போவோம். நடுவில் கடைக்காரரிடம் அதே சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்குவோம். ஆகையால் சோற்றைக் குறைக்க நினைப்பவர் அதற்கு ஒரு வாரம் முன்பே குடியிருக்கும் இடத்தில் ஒரு மருத்துவரைப் பார்த்து விட வேண்டும். கர்நாடகத்தில் 2022 டிசம்பர் முதல் திறக்கப்பட்ட 'நம்ம கிளினிக்'குகளில் இதற்குக் கட்டணம் இல்லை. கன்னடம் சரளமாக வரவில்லையே என்று தயங்க வேண்டாம். மாத்திரை அட்டைகளை அப்படியே கையில் கொண்டு போனால் போதும். பெயரும் அளவும் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். "அன்னம் கம்மி மாடுத்தேனே" என்று ஒரு வாக்கியம் சொல்லத் தெரிந்தால் மருத்துவர் மற்றதைக் கேட்டுக் கொள்வார். எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும். நாமாக நிறுத்துவதும் ஆபத்தே. கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இம்முறையைத் தாமாகத் தொடவே கூடாது.

நம் அன்பர் இப்போது மதியம் ஒரு கரண்டிச் சோறு, நிறையக் கீரையும் பருப்பும், இரவில் சிறிய ராகி உருண்டை ஒன்று என்று வைத்துக் கொண்டிருக்கிறார். கிளிமிபிரைடு பாதியாகக் குறைக்கப்பட்டது. எடை சில வாரம் அரைக் கிலோ இறங்குகிறது, சில வாரம் அசைவதே இல்லை. பொங்கலுக்கு ஊர் போனபோது பெங்களூர் மருத்துவர் எழுதிய சீட்டையும் பையில் வைத்துக் கொண்டு போனார். திருப்பத்தூர் மருத்துவர் அதை வாங்கிப் படித்து, தம் பழைய சீட்டில் அளவைத் திருத்தி, தேதியிட்டுக் கொடுத்தாராம்.