பாபநாசம் நீர்மட்டமும் நூறு கணினிகளும்

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படியொரு நாளில் பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் ‘பாபநாசம் அணை நீர்மட்டம்’ என்று செல்போனில் தேடுவதாக வைத்துக்கொள்வோம்.

பதில் ஒரு கணினியிலிருந்து வருவதில்லை. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற அட்டவணை பல கணினிகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. கேள்வி அத்தனைக்கும் ஒரே நேரத்தில் போகும். கடைசிக் கணினியும் பதில் தந்தால்தான் வேலை முடியும். ஒவ்வொரு கணினியும் நூறில் ஒரு தடவைதான் ஒரு வினாடிக்கு மேல் இழுக்கிறது என்றால் நல்ல கணினிதானே! ஆனால் நூறு கணினிகளைக் கேட்கும் தேடலில், நூறு பேரில் 63 பேர் ஒரு வினாடிக்கு மேல் காத்திருப்பார்கள். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013-இல் எழுதிய கணக்கு இது. சராசரி வேகத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

கூட்டம் கூடினால் இன்னும் மோசம். சராசரியாக 10 மில்லிவினாடியில் வேலை முடிக்கும் கணினி பாதி நேரம் ஓய்வாக இருந்தால், வரிசையில் காத்திருப்பதையும் சேர்த்துப் பதில் வரச் சராசரியாக 20 மில்லிவினாடி ஆகும். 99 சதவீதம் நேரமும் வேலை இருந்தால் ஒரு முழு வினாடி. கூட்டம் இரு மடங்குதான், தாமதம் ஐம்பது மடங்கு! தொலைபேசி அழைப்புகளை வைத்து இந்த வரிசைக் கணிதத்தை 1909-லேயே தொடங்கிவைத்தவர் டென்மார்க்கின் எர்லாங்.

நூறு வரிசைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் சூத்திரம் கைவிட்டுவிடும். அங்கேதான் சிமுலேஷன் வருகிறது. அணை வேலைக்கு முன் பூண்டி நீரியல் ஆய்வு நிலையத்தில் சிறு மாதிரியில் தண்ணீர் விட்டுப் பார்ப்பதுபோல, கணினிகளை வாங்குமுன் நிரலுக்குள் கேள்விகளை ஓடவிடுகிறார்கள். நிரல் உண்மையில் எதையும் தேடுவதில்லை. கேள்வி வந்தது, வரிசையில் நின்றது, முடிந்தது என்று நேரத்தை மட்டும் குறித்துக்கொள்கிறது.

எந்தக் கேள்விகளை ஓடவிடுவது என்பதுதான் முக்கியம். வெள்ள நாளில் பலரும் ஒரே கேள்வியைக் கேட்பதால், ஒருமுறை எடுத்துவைத்த பதிலையே திரும்பத் தரலாம், சுமை குறையும். தமிழில் ‘நீர்மட்டம்’, ‘நீர்மட்டத்தை’, ‘நீர்மட்டமா’ என்று சொல் உருமாறினால் அந்தச் சலுகை சுருங்கும். ஆங்கிலத் தேடல்களை மட்டும் ஊட்டிய சிமுலேஷன் நம் ஊருக்கு என்ன சொல்லிவிடும்?

நெல்லையில் அபிஷேகப்பட்டியிலும் பேட்டையிலும் கணினியியல் படிக்கும் மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். பைத்தானில் ‘சிம்பை’ என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. நூறு கணினிகளும் ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிவிடும்.